ஒரு வாய், ஒரு மூச்சு

போன மாதம் ஒரு பெண் போனில் அழைத்தாள். ஆம்பூருக்குப் பக்கத்தில் நான் இருபத்தெட்டு வருஷம் நர்ஸாக இருந்த ஷூ கம்பெனியில் என் இடத்துக்குப் புதிதாக வந்திருப்பவள். குரலை வைத்துப் பார்த்தால் இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும்.

"சிஸ்டர், இங்க நெஞ்சு கரிக்குதுன்னு வர்றவங்க எல்லாரும் உங்க மூச்சுப் பயிற்சியத்தான் கேக்கறாங்க. அதுக்கு ஃபைல் ஏதாவது எழுதி வெச்சிருக்கீங்களா? நான் படிச்சிட்டு ஆரம்பிச்சிடுவேன்."

ஃபைல் கிடையாது. எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டேன். உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, பயிற்சியை எழுத அரைப் பக்கம் போதும் என்று. மற்றதை எழுதாமல் அந்த அரைப் பக்கத்தை மட்டும் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

நான் வாலாஜாபேட்டைக்காரி. வேலூரில் நர்சிங் படித்தேன். இரண்டு நர்சிங் ஹோம்களில் கொஞ்ச காலம் இருந்தேன், பிறகு இந்தக் கம்பெனி. படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. வேலையைக் கற்றுக்கொண்டது கம்பெனியில், டாக்டர் ரஹமத்துல்லாவிடம்.

முதலுதவி அறை தையல் ஹாலுக்கும் கேன்டீனுக்கும் நடுவில் இருந்தது. இரண்டு கட்டில், ஒரு திரை, ஒரு இரும்பு அலமாரி. ஜன்னலைத் திறந்தால் பசை வாடை வரும், மூடினால் வேர்க்கும். விரலில் ஊசி ஏறியவர்கள், தோல் வெட்டும் கத்தி பட்டவர்கள், கோடையில் மயங்கி விழுந்தவர்கள் என்று வருவார்கள். ஆனால் எல்லாரையும்விட அதிகம் வந்தது நெஞ்செரிச்சல்காரர்கள்தான். அதற்குக் காரணம் தேட வேண்டியதே இல்லை. மாதனூர்ப் பக்கம் கம்பெனி பஸ் காலை ஆறு பத்துக்கு வரும். நாலரைக்கு எழுந்து வீட்டுக்கெல்லாம் ஆக்கி வைத்துவிட்டு வெறும் வயிற்றோடு பஸ் ஏறுவார்கள். ஒரு டீ. பன்னிரண்டரைக்கு மணி அடித்தால் கைகழுவ ஐந்து நிமிஷம், சாப்பிட இருபது நிமிஷம். சாப்பிட்ட கையோடு மெஷினில் போய்க் குனிந்தால் சாயங்காலம்தான் நிமிர்வது. பாத்ரூம் போக சூப்பர்வைசரிடம் கேட்க வேண்டும் என்பதால் தண்ணீரும் குடிக்க மாட்டார்கள். இப்படி இருந்தால் யாருக்கு எரியாது?

டாக்டர் ரஹமத்துல்லா செவ்வாயும் வெள்ளியும் மதியம் வருவார். அப்போதே அறுபதை நெருங்கியவர். உள்ளே வந்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் கவிழ்த்து வைப்பார். "நான் மணி பாத்தா அவங்க பாதி விஷயத்த முழுங்கிடுவாங்க சிஸ்டர்" என்பார். வந்தவரோடு சூப்பர்வைசர் யாராவது நின்றால், "நீங்க கொஞ்சம் வெளில இருங்க தம்பி" என்று அனுப்பிவிடுவார். எதிரில் இருப்பவர் சொல்லி முடிக்கும்வரை பேனாவைத் தொடமாட்டார். கோபம் வந்தால் குரல் தாழ்ந்து மரியாதை ஏறும். அவரிடம் நான் வாங்கிய பெரிய திட்டு, "நீங்க படிச்சவங்க சிஸ்டர், உங்களுக்கு நான் சொல்லணுமா?" என்பதுதான். அதற்குப் பதில் இரண்டு அடி அடித்திருக்கலாம்.

அந்தத் திட்டை எதற்கு வாங்கினேன் என்று சொல்ல வேண்டும். நான் சேர்ந்த இரண்டாம் வருஷம் கட்டிங் பிரிவில் ஏழுமலை என்று ஒருவர் இருந்தார். அணைக்கட்டுப் பக்கத்துக்காரர், நல்ல உடம்பு. ஒரு வெள்ளிக்கிழமை வந்து, "கேஸ் மாத்திரை ஒண்ணு குடு சிஸ்டர், நெஞ்சு கரிக்குது" என்றார். அன்றைக்கு அதே குறையோடு வந்த ஒன்பதாவது ஆள். கொடுத்தேன். அவர் மாத்திரையை மென்றுகொண்டே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். அந்த நேரம் பார்த்து டாக்டர் வந்தார். அவர் பக்கத்தில் தானும் படியிலேயே உட்கார்ந்து, "மாடி ஏறும்போது ஜாஸ்தி ஆகுதா? கை வலிக்குதா? வேர்த்துதா?" என்று கேட்டார். மூன்றுக்கும் ஏழுமலை ஆமாம் என்று தலையை ஆட்டினார். கம்பெனி ஜீப்பிலேயே வேலூருக்குக் கொண்டுபோனோம். இதயத்தில் அடைப்பு. பிழைத்துக்கொண்டார்.

அந்தத் திட்டுக்குப் பிறகு டாக்டர் ஒரு தாளில் ஐந்து கேள்விகளை எழுதி அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டினார். சாப்பாடு தொண்டையிலோ நெஞ்சிலோ அடைக்குதா? காரணமில்லாம எடை குறைஞ்சிருக்கா? வாந்தியில ரத்தம் வந்துச்சா, வெளிக்கு கறுப்பா போச்சா? நடந்தா, படி ஏறினா வலி ஜாஸ்தியா? ராத்திரி வலியில முழிப்பு வருதா? இதில் ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் மாத்திரையும் கிடையாது, பயிற்சியும் கிடையாது, நேராக ஆஸ்பத்திரி. எல்லாவற்றுக்கும் இல்லை என்று பதில் வந்தால்தான் அடுத்த வேலை.

மூச்சுப் பயிற்சியைக் கொண்டுவந்ததும் அவர்தான். அவருக்கே நெஞ்செரிச்சல் தொல்லை இருந்தது. வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் குறுக்கே ஒரு தசை இருக்கிறது, உணவுக்குழாய் அதில் உள்ள துளை வழியாகத்தான் கீழே இறங்குகிறது, அந்தத் தசை வலுவாக இருந்தால் சுருக்குப்பையின் வாய் மாதிரி குழாயை இறுக்கிப் பிடிக்கும், அமிலம் மேலே ஏறாது என்று விளக்குவார். நெஞ்சால் மேலோட்டமாக மூச்சு விடுகிறவர்களுக்கு அந்தத் தசை சோம்பிப் போய்விடுமாம். "இது மருந்தில்ல சிஸ்டர், ஒத்தாசை" என்பதை மறக்காமல் கடைசியில் சேர்த்துக்கொள்வார்.

செய்முறை இதுதான். திரையை இழுத்துவிட வேண்டும். வந்த பெண்ணை முதுகு நிமிர நாற்காலியில் உட்கார வைத்து, "பாவாட நாடாவ தளர்த்திக்கம்மா" என்று சொல்ல வேண்டும். இதுதான் முதல் படி. பெரும்பாலான பெண்கள் நாடாவை வரி விழும் அளவுக்கு இறுக்கிக் கட்டியிருப்பார்கள். அந்தக் கட்டோடு ஒன்பது மணி நேரம் குனிந்திருந்தால் வயிற்றிலிருப்பது மேலே வராமல் எங்கே போகும்? பிறகு ஒரு கை நெஞ்சில், ஒரு கை தொப்புளுக்கு மேலே. வாயை மூடி மூக்கால் மெல்ல இழுக்க வேண்டும், வயிற்றுக் கை முன்னால் வர வேண்டும், நெஞ்சுக் கை அசையக் கூடாது. உதட்டைக் குவித்து, இழுத்ததைப் போல இரண்டு மடங்கு நேரம் வெளியே விட வேண்டும். இப்படிப் பத்து மூச்சு. சாப்பிட்டவுடன் கூடாது. காலையும் மாலையும். முதல் நாள் யாருக்கும் வராது, நெஞ்சுதான் தூக்கும். அவர்கள் கைமேல் என் கையை வைத்து அழுத்திக் காட்டுவேன். நான்காம் நாள், ஐந்தாம் நாள் வயிறு எழும்பும். எழும்பும்போது அந்த முகத்தில் ஒரு சிரிப்பு வரும். ஒரு மாதத்தில் பாதிப் பேருக்காவது மாத்திரை தேவைப்படாமல் போனதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பயிற்சி பொய் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை.

டாக்டருக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை ஆனது. மகனோடு இருக்கப் பெங்களூர் போய்விட்டார். அவருக்குப் பதில் ஒருவரைக் கம்பெனி ஏற்பாடு செய்தது. மாதம் ஒருமுறை வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். அறையின் முழுப் பொறுப்பும் என்னிடம் வந்தது. எனக்கு அது பெருமையாக இருந்தது.

அந்தச் சமயத்தில் பணியாளர் மேலாளராக பாஸ்கர் சார் வந்தார். கெட்ட மனிதர் இல்லை. முதலுதவிப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "சிஸ்டர், டெய்லி முப்பது பேர் மெஷின விட்டு எந்திரிச்சு உங்க ரூமுக்கு வர்றாங்க. அதையே தையல் லைன்ல வெச்சு எல்லாருக்கும் சேத்து சொல்லிக் குடுத்துட்டா? பதினோரு மணிக்கு அஞ்சு நிமிஷம். மைக் போட்டுத் தர்றேன்."

சரி என்றேன். யோசிக்கவே இல்லை. நானூறு பெண்கள் நீல மேல்கோட்டும் தலைத்துணியுமாக மெஷின் பக்கத்தில் எழுந்து நின்று, என் குரலுக்கு ஒரே சமயத்தில் மூச்சு இழுத்து விட்டார்கள். மெஷின்கள் நின்ற அந்த ஹாலில் என் குரல் மட்டும் கேட்டது. எனக்குப் பிடித்திருந்தது. இதை ஒளிக்காமல் எழுத வேண்டும். மிகவும் பிடித்திருந்தது.

ஹாலில் திரை இல்லை, ஆகவே நாடாவைத் தளர்த்தச் சொல்ல முடியாது. நானூறு பேரிடம் ஐந்து கேள்வி கேட்கவும் முடியாது. அவை இரண்டும் கழன்று போயின, மூச்சு மட்டும் மிஞ்சியது. கழன்று போனதை நான் கவனித்தேன். அறைக்கு வருகிறவர்களிடம் கேட்டுக்கொள்ளலாம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் மைக் வந்த பிறகு அறைக்கு வருகிறவர்கள் குறைந்துபோனார்கள். "அதான் லைன்லயே செய்றீங்களே, அப்புறம் எதுக்கு ரூமு?" என்று சூப்பர்வைசர்கள் திருப்பி அனுப்புகிறார்கள் என்பது எனக்கு வெகு நாள் கழித்துத்தான் தெரிந்தது.

கஸ்தூரி இரண்டாவது லைனில் ஷூவின் மேல்பாகம் தைப்பவள். மாதனூருக்கு உள்ளே ஒரு கிராமம். நாற்பத்து நான்கு வயது. கணவர் ஷேர் ஆட்டோ ஓட்டினார், ஒரே மகள் சங்கீதா வேலூரில் பி.காம். படித்துக்கொண்டிருந்தாள். கஸ்தூரிக்கு நெஞ்செரிச்சல் பல வருஷமாக இருந்தது. எதற்கும் சிரிப்பவள், எரிகிறது என்று சொல்லும்போதும் சிரிப்பாள். மைக் வருவதற்குச் சில மாதம் முன்பு திரைக்குப் பின்னால் வைத்து நானே அவளுக்குக் கற்றுக்கொடுத்தேன். ஐந்து கேள்வியும் கேட்டேன். ஐந்துக்கும் இல்லை என்றாள், அன்றைக்கு அது உண்மை. மூன்றே வாரத்தில் மாத்திரையை விட்டாள். வீட்டில், பஸ்ஸில், கேன்டீன் வரிசையில் நிற்கும்போதெல்லாம் செய்தாள். என்னிடம் கற்றவர்களில் அவள் அளவுக்குச் சுத்தமாகச் செய்தவர் யாருமில்லை.

ஒருமுறை வெளிநாட்டிலிருந்து ஷூ வாங்கும் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். பாஸ்கர் சார் அவர்களுக்கு மூச்சுப் பயிற்சியைக் காட்ட வேண்டும் என்றார். யாரையாவது முன்னால் நிறுத்திப் பேச வைக்கலாம் என்று சொன்னது நான்தான். கஸ்தூரியின் பெயரைச் சொன்னதும் நான்தான். அவள் மேடையில் ஏறி, தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டு, மைக்கில் சொன்னாள்: "பத்து வருசமா நெஞ்சு எரிச்சலு. இன்னா மாத்திர போட்டும் கேக்கல. சிஸ்டர் சொல்லிக் குடுத்த மூச்சுலயே போய்ட்டுது. இப்ப சுத்தமா இல்ல." எல்லாரும் கைதட்டினார்கள். எனக்குச் சால்வை போர்த்தினார்கள். அவளுக்கு ஒரு ஹாட்பாக்ஸ் கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகு ஒரு வருஷம் போயிருக்கும். அவள் மெலிந்தாள். வழியில் பார்க்கும்போது, "இன்னாம்மா, காலேஜ் பொண்ணு மாதிரி ஆய்ட்ட" என்று நானே சொன்னேன். அவள் சிரித்தாள். லைனில் மற்ற பெண்கள், "நாங்களும் மூச்சு விட்டுகினுதான் இருக்கோம், எங்களுக்கு மட்டும் உடம்பு இறங்க மாட்டேங்குதே" என்று கேலி செய்தார்கள். கதவின் உட்பக்கத் தாளில் இரண்டாவது கேள்வி எடைதான். நான் தினமும் திறக்கிற அலமாரி அது.

ஒருநாள் ரத்த அழுத்தக் கருவிக்கு பேட்டரி வாங்கக் கேன்டீன் வழியாக ஸ்டோருக்குப் போனேன். கஸ்தூரி சுவரைப் பார்த்து, முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். அந்த ஹாட்பாக்ஸ் பக்கத்தில் திறந்திருந்தது. ரசம் ஊற்றிக் கூழாகக் கரைத்த சோறு. ஒரு வாய் எடுத்து வைத்தாள். ஒரு கை நெஞ்சுக்கும் ஒரு கை வயிற்றுக்கும் போயின. கண்ணை மூடி மூக்கால் இழுத்தாள், உதட்டைக் குவித்து மெல்ல விட்டாள். வயிற்றுக் கை முன்னால் வந்து உள்ளே போனது, நெஞ்சுக் கை அசையவில்லை. பிறகு அடுத்த வாய். மறுபடியும் மூச்சு.

நான் அவளுக்கு எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"அடைக்குதா கஸ்தூரி?"

"கொஞ்சூண்டு சிஸ்டர். மூச்சு விட்டா இறங்கிடுது."

"எத்தன நாளா?"

அவள் ஹாட்பாக்ஸை மூடினாள். "மூணு மாசம் இருக்கும். முன்ன சோறு மட்டும்தான் நிக்கும். இப்ப இட்லியும் நிக்குது. கஞ்சி, டீ எல்லாம் செரியா போவுது."

"என்கிட்ட ஏன்டி சொல்லல?" அவளை நான் 'டி' போட்டுப் பேசியது அதுதான் முதல்முறை.

"எப்படி சிஸ்டர் சொல்றது? அத்தன பேர் எதிர்ல போய்ட்டுதுன்னு மைக்ல சொன்னேன். திரும்ப வந்துகினு இருக்குன்னா உங்களுக்குத்தான அசிங்கம்? நான் செரியா செஞ்சா போய்டும்னு இருந்தேன்."

நான் பேட்டரி வாங்கப் போகவில்லை. மறுநாள் காலை அவளையும் அவள் கணவரையும் கூட்டிக்கொண்டு வேலூருக்கு பஸ் ஏறினேன். ஆஸ்பத்திரியில் வரிசை வரிசையாக உட்கார்ந்தோம். எங்களை முதலில் பார்த்தவர் ஒரு சின்ன வயது டாக்டரம்மா. கடகடவென்று கேட்டுக்கொண்டே கம்ப்யூட்டரில் தட்டினார். கிட்டத்தட்ட அதே ஐந்து கேள்விகள். அடைப்பு, எடை இரண்டுக்கும் ஆமாம். பிறகு, "இவ்ளோ நாளா இதுக்கு என்ன ட்ரீட்மென்ட் எடுத்தீங்க?" என்றார்.

"மூச்சுப் பயிற்சி செஞ்சேம்மா" என்றாள் கஸ்தூரி.

டாக்டரம்மா தட்டுவதை நிறுத்தினார். "அடைக்கும்போதுமா? இத யாரு சொல்லிக் குடுத்தது?"

நான் கஸ்தூரியின் வலது பக்கம் உட்கார்ந்திருந்தேன். என் முழங்கை அவள் முழங்கையில் பட்டுக்கொண்டிருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள், திறந்திருப்பேன் என்றுதான் நினைக்க ஆசைப்படுகிறேன், அவள் சொல்லிவிட்டாள்.

"போன்ல பாத்தேம்மா. வீடியோவுல."

"இந்த வீடியோக்காரங்கள..." என்று ஏதோ சொல்ல வந்து அந்த டாக்டரம்மா தலையை ஆட்டிக்கொண்டார். என்னைப் பார்த்து, "நீங்க யாரு?" என்றார். "தெரிஞ்சவங்க" என்றேன். நர்ஸ் என்றுகூடச் சொல்லவில்லை.

குழாய் விட்டுப் பார்த்தார்கள், சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். உணவுக்குழாயில் புற்றுநோய். கீழே ஈரல்வரை போயிருந்தது. பெரிய டாக்டர் அவள் கணவரையும் என்னையும் தனியாக அழைத்துப் பேசினார். ஆபரேஷன் செய்கிற கட்டம் தாண்டிவிட்டது, மருந்து ஏற்றிப் பார்க்கலாம், வயிற்றில் குழாய் வைத்து அது வழியாகச் சாப்பாடு கொடுக்கலாம் என்றார். "அடைப்பு ஆரம்பிச்ச வாரமே வந்திருந்தா?" என்று நான் கேட்டேன். "சொல்ல முடியாது. வாய்ப்பு இருந்திருக்கும்" என்றார். அவள் கணவர் இரண்டு கையாலும் ஆட்டோ சாவியைப் பிடித்துக்கொண்டு, "அப்ப மூச்சுப் பயிற்சிய நிறுத்திரட்டுங்களா சார்?" என்று கேட்டார். அவருக்கு வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

ஞாயிறு தோறும் அவள் வீட்டுக்குப் போனேன். வயிற்றுக் குழாயைச் சுற்றிச் சுத்தம் செய்து கட்டு மாற்றுவேன். கஞ்சியை எப்படி வடிகட்ட வேண்டும், எவ்வளவு மெல்ல ஊற்ற வேண்டும் என்று சங்கீதாவுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அந்தப் பெண் காலேஜுக்குப் போவதை நிறுத்தியிருந்தாள். என் கையைப் பார்த்துப் பார்த்துச் செய்வாள், முகத்தைப் பார்க்க மாட்டாள். அவளுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன்.

ஒரு ஞாயிறு கஸ்தூரி என்னை அருகில் அழைத்தாள். குரல் காற்றாகத்தான் வந்தது.

"நடுவுல ஒரு மாசம் செரியா செய்யல சிஸ்டர். என் நாத்தனார் வூட்டுக் கல்யாணம் வந்துச்சு இல்ல, அப்போ. காலையில மட்டும் செஞ்சேன், சாயங்காலம் வுட்டுட்டேன். அதாலதான் திரும்பிகிச்சு."

"அதால இல்ல கஸ்தூரி. மூச்சுக்கும் இந்த நோவுக்கும் சம்பந்தமே இல்ல. நான் அடைக்குதான்னு கேட்டிருக்கணும். கேக்கல. ஆஸ்பத்திரில அந்த அம்மா கேட்டப்பவும் நான்தான்னு சொல்லல. தப்பு என்னுது."

அவள் யோசித்தாள். சிரிக்கப் பார்த்தாள்.

"சொல்லியிருந்தா இன்னா ஆயிருக்கும்? உங்க வேலதான் போயிருக்கும். வுடுங்க சிஸ்டர்." கண்ணை மூடிக்கொண்டு, "சாயங்காலமும் செஞ்சிருக்கணும்" என்றாள்.

நான் சொன்னதை அவள் நம்பவில்லை. அவள் கடைசிவரை நம்பியது நான் மைக்கில் சொன்னதைத்தான். ஆடி மாதம் இறந்துபோனாள்.

காரியம் முடிந்த மறுநாள் பாஸ்கர் சார் அறைக்குப் போனேன். அவரும் சாவுக்கு வந்திருந்தார், மாலை போட்டு, வெயிலில் சுடுகாடுவரை நடந்தார். மைக் பயிற்சியை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் வாரம் ஒருமுறையாவது ஒவ்வொருவரையும் அறைக்கு அனுப்பி ஐந்து கேள்வி கேட்க விட வேண்டும் என்றேன். அதோடு, காலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் சாப்பிடப் பதினைந்து நிமிஷம் கொடுத்தால் பாதி நோய் வராது என்றும் சொன்னேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். "சிஸ்டர், உங்க வருத்தம் புரியுது. ஆனா அடைக்குதான்னு கேட்டுப் பாருங்க, நாளைக்கே நூறு பேருக்கு அடைக்கும். பயந்துருவாங்க. பாதி லைன் ஆஸ்பத்திரியில நிக்கும். காலைல பதினஞ்சு நிமிஷம்ங்கறது என் கையில இல்ல, நான் கேட்டாலும் குடுக்க மாட்டாங்க. ஒருத்தருக்கு இப்படி ஆச்சுன்னு நல்ல விஷயத்த நிறுத்தலாமா? நீங்களே சொல்லுங்க."

மறுநாள் பதினோரு மணிக்கு மைக்கைப் பிடித்தேன். வயிற்றுக் கை முன்னால் வரட்டும், நெஞ்சுக் கை அசையக் கூடாது என்றேன். ஓய்வு பெறும்வரை இன்னும் ஏழு மாதம் அப்படியே சொன்னேன். வேலையை விட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் கேட்டுக்கொள்கிறேன்.

கடைசி நாள் சாயங்காலம், மணி அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது மெஷின்களை நிறுத்தி ஹாலிலேயே பிரிவு உபசாரம் வைத்தார்கள். மாலை, சுவர்க் கடிகாரம், பாஸ்கர் சாரின் பேச்சு. "சிஸ்டருக்கு நம்ம கைதட்டு வேணாம். அவங்க சொல்லிக் குடுத்த மூச்சையே மரியாதையா செய்வோம். கடைசி தடவ நீங்களே நடத்துங்க சிஸ்டர்" என்று மைக்கை என்னிடம் தந்தார். நானூறு பேரும் எழுந்து நின்றார்கள். கைகள் தாமாகவே நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் போயின.

"கையக் கீழ விடுங்க" என்றேன். "ஒண்ணு கேக்கறேன். சாப்பாடு நெஞ்சுல அடைக்குதுன்னு யாருக்காவது இருக்கா? இருந்தா கையத் தூக்குங்க. வெக்கப்படாதீங்க."

பாஸ்கர் சார் என்னைப் பார்த்தார். வரிசை ஓரங்களில் நின்ற சூப்பர்வைசர்கள் திரும்பித் திரும்பி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்கள். அப்போது கடைசியில், தூணுக்குப் பக்கத்தில், ஒரு நீலக் கை தோள்வரை எழுந்தது. அந்தப் பக்கம் ஒரு சூப்பர்வைசர் திரும்பினார். அந்தக் கை அப்படியே தலைத்துணிக்குப் போய், அதைச் சரிசெய்வதுபோல் இழுத்துவிட்டுக் கீழே இறங்கியது. முன்னால் நின்றவர்களின் தலை மறைத்தது. முகம் தெரியவில்லை.

"யாரு அது? தூண்கிட்ட?" என்றேன். யாரும் அசையவில்லை. மணி அடித்தது. பெண்கள் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார்கள், தாமதித்தால் உட்கார இடம் கிடைக்காது.

நான் மாலையோடு கேட்டுக்கு ஓடினேன். ஒவ்வொரு பஸ்ஸாக ஏறி, "தூண்கிட்ட நின்னது யாரு? கையத் தூக்கினது யாரு? யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்மா" என்று கேட்டேன். "நான் இல்ல சிஸ்டர்", "எங்க லைன் இல்ல சிஸ்டர்" என்றார்கள். ஒருத்தி எழுந்து எனக்கு உட்கார இடம் கொடுத்தாள், நான் வீட்டுக்குப் போக ஏறியிருக்கிறேன் என்று நினைத்து. மூன்றாவது பஸ்ஸில் இருந்தபோதே மற்றவை கிளம்பிவிட்டன.

மறுநாள் காலை மறுபடியும் போனேன். வாட்ச்மேன் எழுந்து வணக்கம் சொன்னார், நாற்காலி போட்டார். உள்ளே போக பாஸ் வேண்டும் என்றார். புதிய நர்ஸ் இன்னும் வரவில்லை, அறை பூட்டியிருக்கிறது என்றும் சொன்னார். கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். பஸ்கள் ஒவ்வொன்றாக வந்தன. பெண்கள் வெறும் வயிற்றோடு இறங்கி, நீல மேல்கோட்டை மாட்டித் தலைத்துணியைக் கட்டிக்கொண்டே உள்ளே போனார்கள். பலரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். சிலர் கையசைத்தார்கள். அசைந்த கைகளையெல்லாம் பார்த்துக்கொண்டே நின்றேன். எல்லாம் ஒரே நீலம்.